எதில் பாதி?

சில ஆண்டுகளுக்கு முன் நம் பள்ளியில் ஐந்தாம் வகுப்பிற்குக் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். பின்னப் பாடம் தொடங்கி ஒரு வாரம் ஆகியிருந்தது. கரும்பலகையில் வட்டம் வரைந்து, சம பாகங்களாகப் பிரித்து, சில பாகங்களை வண்ணச் சாக்பீஸால் தீட்டி, "இது எவ்வளவு?" என்று கேட்பேன். "நான்கில் மூன்று!" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். எத்தனை வட்டம் வரைந்தாலும் விடை தவறாது. பாடம் நன்றாக நடக்கிறது என்ற நிறைவோடு வெள்ளிக்கிழமை வீடு திரும்பினேன்.

திங்கட்கிழமை காலை 1/3, 1/4 என்று இரண்டு பின்னங்களைப் பலகையில் எழுதி, இவற்றுள் பெரியது எது என்று வினவினேன். 42 பேரில் 37 பேர் 1/4 என்றார்கள்.

"ஏன்?"

"மூன்றைவிட நான்கு பெரிதுதானே, டீச்சர்?"

எனக்கு ஓர் ஐயம் எழுந்தது. பலகையில் மீண்டும் ஒரு வட்டம் வரைந்தேன். இம்முறை அதன் குறுக்கே இரண்டு கோடுகளை இழுத்து, நடுவில் அகலமாக ஒரு துண்டும் இருபுறமும் மெல்லிய பிறை போன்ற இரண்டு துண்டுகளுமாகப் பிரித்தேன். நடுத்துண்டைத் தீட்டிவிட்டு, "இது எவ்வளவு?" என்றேன். "மூன்றில் ஒன்று!" என்று அதே ஒரே குரல், அதே உற்சாகம்.

அப்போதுதான் விளங்கிற்று. ஒரு வாரமாக அவர்கள் பின்னம் கற்கவில்லை, துண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தீட்டிய துண்டுகள் எத்தனை, மொத்தத் துண்டுகள் எத்தனை என்று எண்ணி, ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிவிட்டால் விடை வந்துவிடுகிறது. எண்ணுவதற்கு முதல் வகுப்புக் கல்வியே போதும். சம பாகமாகப் பிரிக்கும் வேலையை, அதாவது பின்னத்தின் உயிரான வேலையை, நானே பலகையில் செய்து முடித்துவிட்டேன். அவர்களுக்கு மிச்சம் வைத்தது எண்ணிக்கை மட்டும்.

மேல் வகுப்பு மாணவியரே, இதை உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். உங்களில் சிலர் ஆசிரியப் பயிற்சிக்குச் செல்வீர்கள். செல்லாதவர்களும் மாலை வேளையில் தம்பி தங்கையருக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத்தான் செய்கிறீர்கள். படம் காட்டினால் குழந்தைக்குப் புரிந்துவிடும் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். படத்தில் நமக்குத் தெரிவதுதான் குழந்தைக்கும் தெரிகிறதா என்று பார்ப்பதில்லை.

வட்டத்தை விட்டுவிட்டு நான் எடுத்துக்கொண்டது காகிதப் பட்டை. பழைய மாத நாட்காட்டியின் தாள்கள் இதற்கு ஏற்றவை. பின்புறம் வெள்ளையாக இருக்கும், எளிதில் கிழியாது. 24 செ.மீ. நீளமும் 3 செ.மீ. அகலமும் உள்ள பட்டைகள், ஒவ்வொரு சிறுமிக்கும் எட்டு. 24 என்பதற்குக் காரணம் உண்டு. அது 2, 3, 4, 6, 8, 12 ஆகிய எண்களால் மீதமின்றி வகுபடும். ஆனால் இந்த இரகசியத்தைச் சிறுமியரிடம் முதலிலேயே சொல்லிவிடக் கூடாது. சொன்னால் ஸ்கேலை எடுத்து 8 செ.மீ., 16 செ.மீ. என்று புள்ளி வைத்துவிடுவார்கள்; மடிக்கமாட்டார்கள். ஸ்கேல் பைக்குள்ளேயே இருக்கட்டும்.

முதல் பட்டை முழுதாக இருக்கும். அதில் 1 என்று எழுதச் செய்தேன். இரண்டாவதை இரண்டாக மடித்து விரித்தார்கள். மூன்றாவதை இரண்டாக மடித்து, மீண்டும் இரண்டாக மடித்தார்கள். விரிப்பதற்கு முன், "எத்தனை துண்டு தெரியும்?" என்று கேட்க வேண்டும். மூன்று என்பார்கள் சிலர். ஆறு என்றும் ஒரு குரல் வந்தது. விரித்துப் பார்த்து நான்கு என்று கண்டதும் எழுந்த வியப்பை நான் வட்டம் வரைந்த நாள்களில் ஒருபோதும் கேட்டதில்லை.

இப்படி மடிக்க மடிக்க வருபவை நம் பாட்டிமார் நன்கறிந்த பின்னங்கள்: அரை, கால், அரைக்கால், மாகாணி. கால் பங்கில் அரை என்பதுதான் அரைக்கால், அதாவது 1/8. பின்னத்தைப் பின்னத்தால் பெருக்கும் கணக்கு அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது! நான்காம் மடிப்பில் வருவது 1/16. அதற்கு வீசம் என்றும் மாகாணி என்றும் பெயர். திண்ணைப் பள்ளிகளில் எண்சுவடியை மனப்பாடம் செய்த பிள்ளைகளுக்கு மா என்றால் 1/20, காணி என்றால் 1/80, முந்திரி என்றால் 1/320. மாவையும் காணியையும் கூட்டினால் மாகாணி வர வேண்டுமல்லவா? மேல் வகுப்பினர் கூட்டிப் பாருங்கள்; சரியாக 1/16 வரும். 1957 வரை நம் ரூபாய்க்கு 16 அணா. ஆகவே ஓர் அணா என்பது மாகாணி ரூபாய். நாலணா என்பது கால் ரூபாய். 25 காசு நாணயம் 2011இல் செல்லாததாகிவிட்டது. இருந்தாலும் நாலணா என்ற சொல் இன்னும் வீடுகளில் காதில் விழுகிறது. வகுப்பில் ஒரு சிறுமி தன் பாட்டியிடம் இதைக் கேட்டுவந்து சொன்னாள். பாட்டிக்கு மாகாணி வாய்ப்பாடு பாதி மறந்துவிட்டதாம். மறந்த பாதிக்காக அவர் வருத்தப்பட்டாராம்.

இரண்டாக மடிப்பது எளிது. மூன்றாக மடிப்பதில்தான் பாடம் இருக்கிறது. வேண்டுமென்றே எதுவும் சொல்லாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். பலர் முதலில் இரண்டாக மடித்து, பிறகு ஒரு பாதியை மட்டும் மடித்தார்கள். மூன்று துண்டுகள் வந்தன. ஒன்று மட்டும் மற்றவற்றைப்போல் இரு மடங்கு. "டீச்சர், இது சரியில்லை" என்று அவர்களே சொன்னார்கள். வட்டத்தில் சமமற்ற மூன்று துண்டுகளைப் பார்த்து மூன்றில் ஒன்று என்று கூவிய அதே சிறுமியர்! கையில் இருக்கும் துண்டு பொய் சொல்வதைக் கை கண்டுபிடித்துவிடுகிறது. கடைசியில், கடிதத்தை உறைக்குள் வைப்பதற்கு மடிப்பதுபோல், ஒரு முனையை உள்ளேயும் மறுமுனையை அதன்மேலும் கொண்டுவந்து, விளிம்புகள் பொருந்தும்வரை நகர்த்தி அழுத்தலாம் என்று ஒருத்தி கண்டாள். அது வகுப்பு முழுதும் பரவ ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

ஐந்தாக மடிப்பது பெரியவர்களுக்கே தொல்லை. அதற்கு ஓர் உபாயம் உண்டு. தேர்வுக்குத் தரும் கோடிட்ட முழுத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டையை அதன்மேல் சாய்வாக வைத்து, அதன் மேல்விளிம்பின் ஒரு முனை ஒரு கோட்டிலும், மறுமுனை அதிலிருந்து 20 இடைவெளி தள்ளியுள்ள கோட்டிலும் படும்வரை சாய்வை மாற்றுங்கள். இப்போது ஒவ்வொரு நான்காவது கோடும் விளிம்பைத் தொடும் இடத்தில் புள்ளி வையுங்கள். பட்டை ஐந்து சம பாகமாகிவிடும். ஏழு பாகம் வேண்டுமா? 21 இடைவெளிக்குச் சாய்த்து, மூன்றாவது கோடுதோறும் குறியுங்கள். கோடுகள் ஒன்றுக்கொன்று இணையாகவும் சம தூரத்திலும் இருப்பதால் சாய்ந்த விளிம்பையும் அவை சமமாகவே வெட்டுகின்றன. பத்தாம் வகுப்பில் தேல்ஸ் தேற்றம் படிக்கும்போது இந்தப் பட்டையை நினைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது பட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாக இடப்பக்க முனைகள் ஒரே நேரில் வரும்படி மேசைமேல் அடுக்கினால் ஒரு சுவர்போல் காட்சியளிக்கும். முழுது, அரை, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று கீழே வரவரத் துண்டு சிறுத்துக்கொண்டே போகும். திங்கட்கிழமைக் கேள்வியை மறுபடி கேட்டேன். எவரும் குரல் எழுப்பவில்லை. எல்லோரும் பட்டையைப் பார்த்தார்கள். "நிறையப் பேர் பங்கு கேட்டால் ஆளுக்குக் கொஞ்சம்தான் கிடைக்கும்" என்றாள் ஒருத்தி. அந்தப் பகுதிக்கு என் விளக்கம் தேவைப்படவில்லை.

இவ்விடத்தில் நம் மொழியைப் பற்றி ஒரு சொல். தமிழில் நாம் "நான்கில் மூன்று" என்கிறோம். பகுதி முன்னே, தொகுதி பின்னே. ஆனால் எழுதும்போது 3 மேலே, 4 கீழே. மேலிருந்து எழுதிப் பழகிய குழந்தை காதில் விழுந்த வரிசைப்படி 4ஐ மேலே போட்டுவிட்டு 3ஐக் கீழே எழுதுகிறது. இதைக் கவனக்குறைவு என்று சிவப்பு மையால் சுழிப்பது நியாயமில்லை. நான் இப்போது செய்வது இதுதான்: முதலில் கோடு போடு, "நான்கில்" என்று சொல்லிக்கொண்டே கோட்டின் கீழே 4, "மூன்று" என்று சொல்லிக் கோட்டின் மேலே 3. சொல்லும் வரிசையிலேயே கையும் போகிறது. எத்தனை பாகமாகப் பிரித்தோம் என்பதுதானே முதலில் நடந்தது? அதையே முதலில் எழுதுவதும் முறைதான். எண்களை மேலும் கீழுமாக எழுதும் வழக்கம் நம் நாட்டுப் பழைய கணித நூல்களில் இருந்தது. இடையில் கோடு மட்டும் கிடையாது. அந்தக் கோடு அரபு மொழிக் கணித அறிஞர்கள் பின்னர்ச் சேர்த்தது.

பட்டைகள் வந்தபின் எல்லாம் நேராகிவிட்டது என்று நான் எண்ணிய சமயத்தில்தான் பெரிய சிக்கல் வந்தது. ஒரு நாள், "அரை பெரிதா, ஒன்று பெரிதா?" என்று வெறும் வேடிக்கைக்காகக் கேட்டேன். முன்வரிசையில் எப்போதும் முதலில் கை தூக்கும் சிறுமி எழுந்து, "அம்மா சாப்பிடும் தோசை பெரிசு, டீச்சர். எனக்கு ஊற்றுவது குட்டித் தோசை. அம்மா தோசையில் பாதி என் தோசை முழுசையும்விடப் பெரிசு. அப்படியென்றால் அரைதானே பெரிசு?" என்றாள்.

வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை, எனக்கு உடனே விடை வரவில்லை. அவள் சொன்னது தவறும் இல்லை.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "யார் முழம் என்று கேட்கணும், டீச்சர்."

அந்தச் சிறுமியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய தாயார் சந்தை வாசலில் பூ விற்பவர். ஜூன் மாதம் முதல் அவள் வகுப்பில் தானாக வாய் திறந்து நான் கேட்டதில்லை. காலாண்டுத் தேர்வில் கணிதத்தில் 19 மதிப்பெண். அவளுடைய மதிப்பெண் அட்டையில், "கணக்கு வரவில்லை, வீட்டில் கவனிக்கவும்" என்று எழுதியவள் நான்தான். கையொப்பமிட வேண்டிய இடத்தில் தாயார் பெருவிரல் பதித்து அனுப்பியிருந்தார்.

"என்னம்மா முழம்?" என்றேன்.

அவள் எழுந்து நின்றாள். சொல்லச் சொல்ல அவள் குரல் உயர்ந்தது. மாலையில் தாயார் எங்கேனும் செல்ல நேர்ந்தால் கூடையருகே இவள் உட்காருவாளாம். முழங்கையிலிருந்து நடுவிரல் நுனிவரை அளப்பதுதான் முழம். வாங்க வருகிறவர்கள், "உன் முழம் சின்னது, பாப்பா. உன் அம்மாவை அளக்கச் சொல்லு" என்பார்களாம். அதனால், "நான் ஒன்றேகால் முழம் அளந்து கொடுப்பேன், டீச்சர். அது அம்மா முழத்தில் ஒன்று. அரை முழம் என்று சும்மா சொன்னால் தெரியாது. யார் முழத்தில் அரை என்று கேட்கணும். தோசையும் அப்படித்தான்."

இதைவிடத் தெளிவாக அதை நான் சொல்லியிருக்க முடியாது. பின்னம் என்பது தனியே நிற்கும் பொருளல்ல. எதன் பின்னம் என்று தெரிந்தாக வேண்டும். இரண்டு பின்னங்களை ஒப்பிடவோ கூட்டவோ வேண்டுமானால் இரண்டிற்கும் முழுது ஒன்றாக இருக்க வேண்டும். என் கரும்பலகை வட்டங்களில் ஒன்று பெரிதாகவும் ஒன்று சிறிதாகவும் கைக்கு வந்தபடி இருந்ததை நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவள் தாயின் முழ அளவிற்கு ஒரு வாழைநாரை நறுக்கிக்கொண்டு வந்தாள். நானும் அவள் கையை அளந்து இன்னொரு நார் நறுக்கினேன். இரண்டையும் மேசையில் இணையாக வைத்தோம். தாயின் நார் 45 செ.மீ., மகளுடையது 36 செ.மீ. நீட்டிக்கொண்டிருந்த மிச்சத்தை ஒரு துண்டாக நறுக்கி மகளின் நார்மேல் வைத்து அளந்தால் சரியாக நான்கு முறை வந்தது. ஆக, தாயின் முழம் மகளின் முழத்தில் நான்கில் ஐந்து. மகளின் முழம் தாயின் முழத்தில் ஐந்தில் நான்கு. எவரும் கற்பிக்காமல் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து அவள் கண்டுவைத்திருந்த ஒன்றேகால் துளியும் பிசகவில்லை.

இதில் இன்னொரு முடிச்சும் அவிழ்ந்தது. வட்டம் காட்டிக் கற்பித்த காலத்தில் 5/4 என்று எழுதினால், "நான்கு துண்டுதானே இருக்கிறது? அதில் ஐந்தை எப்படி எடுப்பது, டீச்சர்?" என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. நான்கில் ஐந்து என்ற சொல்லும் காதுக்கு முரணாகவே ஒலிக்கிறது. நாரைப் பார்த்தபின் அது முரணாக இல்லை. கால் முழம் என்று ஒரு துண்டு; அதைப்போல் ஐந்து; அவ்வளவே.

புகழ்பெற்ற கருவிகள் சிலவற்றையும் இதனோடு வைத்துப் பார்க்கலாம். மரியா மாந்தெசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். பின்னத்திற்காக அவர் அமைத்தவை உலோக வட்டங்கள். ஒன்று முழுது, மற்றவை இரண்டு முதல் பத்துவரை சம பாகங்களாக வெட்டப்பட்டவை. ஒவ்வொரு துண்டிற்கும் ஒரு சிறு குமிழ். குழந்தை அதைப் பிடித்து எடுக்கலாம், வேறு துண்டின் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அதுவும் வட்டம், என்னுடையதும் வட்டம். என் வட்டத்தைத் தொட முடியாது, தொட்டால் அழிந்துபோகும். பெல்ஜியம் நாட்டுப் பள்ளி ஆசிரியர் ஜார்ஜ் குசினேர் வண்ண மரக் கோல்களை அமைத்து, 1952இல் அவற்றைப் பற்றி ஒரு நூலும் வெளியிட்டார். 1 செ.மீ. முதல் 10 செ.மீ.வரை பத்துக் கோல்கள். நீளத்திற்கு ஒரு நிறம். அவற்றின் மேல் எண் ஏதும் எழுதப்படவில்லை என்பதே அவற்றின் சிறப்பு. 3 செ.மீ. உள்ள இளம்பச்சைக் கோல் 6 செ.மீ. கோலின் பக்கத்தில் வைத்தால் அரை, 9 செ.மீ. நீலக் கோலின் பக்கத்தில் வைத்தால் மூன்றில் ஒன்று. கோல் மாறவில்லை, பெயர் மாறுகிறது. பூக்கூடைச் சிறுமி சொன்னதும் அதுதானே! இக்கருவிகளை விலைக்கு வாங்க முடிந்தால் நல்லது. முடியாவிட்டால் நாட்காட்டித் தாளும் வாழைநாரும் போதும்.

அடுத்து, வகுப்பறையின் குறுக்கே ஒரு கொடிக்கயிறு கட்டினோம். துணி உலர்த்தும் கிளிப்புகளில் 0, 1, 2 என்று அட்டைகளைச் சம தூரத்தில் மாட்டினோம். ஒவ்வொருத்திக்கும் ஒரு பின்ன அட்டை. வந்து உரிய இடத்தில் மாட்ட வேண்டும். 3/4 வந்தது, 5/4 வந்தது, ஒன்றரை வந்தது. 1/2 தொங்கும் இடத்திற்கு 2/4 வைத்திருந்தவள் வந்து திகைத்து நின்றாள். அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதே! கீழே இன்னொரு கிளிப்பு போட்டு அதன் அடியில் தொங்கவிட்டாள். பிறகு 3/6 வந்து அதன் அடியில். எழுத்து வேறு, இடம் ஒன்று. சமான பின்னம் என்ற தலைப்பை அதற்குப் பிறகுதான் பலகையில் எழுதினேன். கயிறு இரண்டு வாரம் அப்படியே இருந்தது. உயரமான ஆசிரியைகள் குனிந்து வர வேண்டியிருந்ததால் அவிழ்க்க நேர்ந்தது!

கூட்டலைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கிறேன். 1/2 + 1/3 = 2/5 என்று எழுதாத குழந்தை அரிது. மேலுள்ளதை மேலும் கீழுள்ளதைக் கீழுமாகக் கூட்டிவிடுவார்கள். "தவறு, மீச்சிறு பொது மடங்கு கண்டுபிடி" என்று உடனே சொல்லிவிடாதீர்கள். பட்டைச் சுவரில் 2/5 எங்கே முடிகிறது என்று காட்டச் சொல்லுங்கள். அது 1/2க்கு முன்பே முடிந்துவிடும். அரையோடு இன்னொன்றைச் சேர்த்தபின் அரையைவிடக் குறைந்துபோகுமா? அந்த வியப்பு முகத்தில் தோன்றும்வரை காத்திருங்கள். பிறகு அரைத் துண்டையும் மூன்றில் ஒரு துண்டையும் முனையோடு முனை ஒட்டி வைத்து, எந்தப் பட்டையின் மடிப்புக் கோடு இந்த நீளத்தில் சரியாக வந்து முடிகிறது என்று தேடச் சொல்லுங்கள். நான்கின் பட்டை பொருந்தாது, ஐந்தின் பட்டை பொருந்தாது, எட்டும் பொருந்தாது. ஆறின் பட்டையில் ஐந்தாம் கோடு வந்து நிற்கும். "ஏன் ஆறு?" என்று அவர்களே கேட்பார்கள். பொது மடங்கைச் சொல்லும் நேரம் அதுதான்.

மாணவியரே, உங்களுக்கு ஒரு கணக்கு. லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ரைண்ட் பாப்பிரஸ் என்ற எகிப்திய ஏட்டுச்சுருள் இருக்கிறது. ஏறத்தாழ கி.மு. 1550இல் எழுதப்பட்டது. அதில் 6 ரொட்டிகளைப் 10 பேருக்குப் பங்கிடும் கணக்கு உள்ளது. நாமாக இருந்தால் 6/10, அதாவது 3/5 என்று எழுதி எழுந்துவிடுவோம். ரொட்டியை எப்படி வெட்டுவது என்று யோசிக்கமாட்டோம். அவர்கள் தந்த விடை, ஆளுக்கு 1/2உம் 1/10உம். ஐந்து ரொட்டிகளைப் பாதியாக்கினால் பத்து அரைகள். மிஞ்சிய ஒன்றைப் பத்தாக்கினால் ஆளுக்கு ஒரு துண்டு. எல்லோருடைய தட்டிலும் ஒரே மாதிரியான துண்டுகள், சண்டைக்கு இடமில்லை. இதே முறையில் 7 தோசைகளை 8 பேருக்குப் பங்கிட்டுப் பாருங்கள். அரை, கால், அரைக்கால் என்ற மூன்று சொற்களே போதும்.

பட்டைகளைப் பழைய திருமண அழைப்பிதழ் உறைகளில் போட்டு, ஆளுக்கு ஓர் உறையாகப் பெயரெழுதி அலமாரியில் வைத்திருந்தோம். முழு ஆண்டுத் தேர்வில் கடைசி வரிசைச் சிறுமி கணிதத்தில் 54 வாங்கினாள். கூட்டல் கணக்குகள் எல்லாம் சரி. கழித்தலில் இரண்டு தவறு. பட்டையை வைத்துக் கழித்தலை நான் போதிய அளவு காட்டவில்லை. அந்த அட்டையில் என்ன எழுதுவது என்று நெடுநேரம் யோசித்துவிட்டு, "கணக்கு நன்றாக வருகிறது" என்று எழுதினேன். இம்முறையும் பெருவிரல் ரேகைதான் வந்தது. ஆனால் பக்கத்தில் அட்டையில் ஒரு சிறு ஈரக்கறை, மல்லிகை மணத்தோடு.

கடைசி நாள் அவள் வந்து, தம்பிக்குக் காட்ட வேண்டும் என்று தன் உறையைக் கேட்டு வாங்கிப்போனாள். ஜூன் மாதம் திருப்பிக் கொடுத்தபோது எண்ணிப் பார்த்தேன். எட்டில் ஏழு இருந்தன. மூன்றாக மடித்த பட்டையைக் காணோம். அதை நான் கேட்கவில்லை.